டிராகனின் உயிர் சி3 கட்டத்தில்

செஸ்ஸில் கறுப்புக் காய்களோடு சிசிலியன் டிராகன் என்ற ஓப்பனிங்கை (தொடக்க முறை) ஆடித் தோற்றால் உடனே எச் ஃபைல் (எச் எழுத்துக்குரிய செங்குத்து வரிசை) மீதுதான் பழி. "திறந்துவிட்டது, மேட் விழுந்தது, இந்த ஓப்பனிங்கே ஆபத்து." இதில் எனக்கு உடன்பாடில்லை. யுகோஸ்லாவ் அட்டாக்கில் (வெள்ளை ராஜாவை ராணிப் பக்கம் காஸ்லிங் செய்து, எச் சிப்பாயைத் தள்ளி டிராகனைத் தாக்கும் முறை) எச் ஃபைல் திறக்கும் என்று தெரிந்தேதான் கறுப்பு இறங்குகிறது. அதற்கு ஈடு சி ஃபைல். யானையைக் கொடுத்து சி3 குதிரையை வெட்டினால் பி2 சிப்பாய் இடம் மாறும், வெள்ளை ராஜாவின் கூரை பெயரும். அந்த வெட்டு இருக்கும்வரைதான் டிராகனுக்கு உயிர்.

1974-ல் மாஸ்கோவில் நடந்த கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்வு செய்யும் போட்டி) இறுதியின் 2-வது ஆட்டத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். வெள்ளை கார்ப்போவ், கறுப்பு கோர்ச்னாய். 27 நகர்வுகளில் முடிந்துவிட்டது. எல்லோரும் கடைசியில் வரும் பலிகளைக் கொண்டாடுகிறார்கள். ஆட்டத்தை வென்றவை கார்ப்போவின் 16-வது, 19-வது நகர்வுகள் என்பேன்.

15 நகர்வுகள் முடிந்தபோது கறுப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல், யானை சி4-ல். கார்ப்போவ் டி4 குதிரையை இ2-க்கு இழுத்தார். இனி சி3-ல் வெட்டினால் குதிரையே திரும்ப வெட்டும், பி2 அசையாது. கோர்ச்னாய் ராணியை ஏ5-ல் வைத்தார். உடனே பிஷப் எச்6. ஜி7 பிஷப் மாற்றலில் போனது. ராணியை ஏ5-ல் வைத்ததற்குப் பதில் எஃப்8 யானையை இ8-க்கு நகர்த்தியிருந்தால், பிஷப் எச்8-ல் ஒதுங்கிப் பிழைத்திருக்கும். 19-ல் யானை டி3: சி3-க்கு இன்னொரு காவல், இ2 குதிரைக்கு விடுதலை. கோர்ச்னாய் சி4 யானையை சி5-க்குப் பின்வாங்கியது தவறு. அதன்பின் ஜி5 சிப்பாய் பலி, டி5-ல் யானை மாற்றம், எஃப்4-ல் குதிரை.

கார்ப்போவின் 24-வது நகர்வு, இ5 சிப்பாய், தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டியது. எஃப்6-ல் வெட்டி உடனே குதிரையை எச்5-க்குக் கொண்டுபோனால் ஜி7-ல் மேட் மிரட்டல்தான். ஆனால் ஏ5 ராணி ஐந்தாம் வரிசையில் ஓடி ஜி5-ல் செக் கொடுத்து ராணிகளை மாற்றிவிடும். இ5 அந்தப் பாதையை அடைக்கிறது.

ஓப்பனிங் செத்துவிடவில்லை. 1995 உலகப் பட்டப் போட்டியில் ஆனந்துக்கு எதிராக 11, 13-வது ஆட்டங்களில் காஸ்பரோவ் இதே டிராகனை ஆடி இரண்டையும் வென்றார்.

இதை ஆடுபவர்கள் 12-ல் வெள்ளை எச்4 தள்ளியதும் எச்5 போட்டுத் தடுக்கும் சோல்டிஸ் முறையை முதலில் படியுங்கள். வெள்ளை சிப்பாயைப் பலி கொடுக்காமல் ஃபைலைத் திறப்பது கடினம். அந்த இடைவெளியில் சி3-ஐத் தாக்க நேரம் கிடைக்கும்.