வீடு ஒதுக்கும்போது தெருவையும் சேர்த்து ஒதுக்குங்கள்

சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடிசைக் குடும்பங்களைக் காலி செய்து, தெற்கு ஓரத்தில் பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ உள்ள அரசு மறுகுடியமர்வு பிளாக்குகளுக்கு அனுப்பும்போது பேச்செல்லாம் தூரத்தைப் பற்றித்தான். தூரம் பெரிய பிரச்சினைதான், மறுக்கவில்லை. அதற்காவது 2021லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. குலுக்கலிலோ வந்த வரிசையிலோ வீடு ஒதுக்கி, ஒரே தெருக்காரர்களைப் பத்து பிளாக்குகளில் பிரித்துப் போட்டால் அதற்கு மாற்று கிடையாது.

வீட்டு வேலைக்குப் போகிற பெண் காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளையை எழுப்பி, இட்லி வாங்கிக்கொடுத்து, ஸ்கூலுக்கு அனுப்புவது எதிர்வீட்டு ஆயா. சம்பளம் கிடையாது. பதிலுக்கு ஆயாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கி வரவேண்டும், தண்ணி லாரி வந்தால் அவர் குடத்தையும் சேர்த்து வரிசையில் வைக்கவேண்டும். கணக்கெடுப்புப் படிவத்தில் குடும்பத் தலைவர், ஆதார், ரேஷன் கார்டு, கைரேகை எல்லாம் இருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு அதில் கட்டமே இல்லை.

பணமும் இப்படித்தான் ஓடுகிறது. 20 பேர், மாதம் 500, ஆளுக்கு ஒரு மாதம் 10,000 என்று ஒரு குலுக்கல் சீட்டு. முதல் மாதமே எடுத்தவர் கடைசிவரை கட்டுவார் என்பதற்குப் பத்திரம் கிடையாது. தினமும் அதே முகங்களில் முழிக்கவேண்டும், அதுதான் ஜாமீன். தெரு பிரிந்தால் ஜாமீனும் போச்சு. எடுத்தவர் கட்டமாட்டார், எடுக்காதவருக்குப் போய்க் கேட்க முகவரி தெரியாது. அப்புறம் அவசரத்துக்குத் தண்டல்தான்: 10,000 என்று பேசி 8,500 கையில் தருவார்கள், நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும்.

நல்ல விதிகூட சில நேரம் கெடுத்துவிடும். முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் தரைத்தளம் தருவது சரி. ஆனால் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறாவது மாடி விழுந்தால்? லிஃப்ட் நின்ற நாளில் சாப்பாடு கீழே வருவதே பெரும்பாடு. இருவரையும் ஒரே விண்ணப்பமாக எடுத்துத் தரைத்தளமும் முதல் மாடியுமாகத் தந்தால் போதும்.

இருந்த இடத்திலேயே மேம்படுத்துவதற்கு தமிழ்நாட்டின் 1971 குடிசைப் பகுதிகள் (மேம்பாடு, அகற்றல்) சட்டத்திலேயே வழி இருக்கிறது. முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், கணக்கெடுக்கும்போதே இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: உங்கள் பிள்ளையையும் பெரியவரையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? யார் பக்கத்தில் இருக்கவேண்டும்? எட்டுப் பத்து வீடுகளை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு ஒரு சீட்டு எழுதிக் குலுக்கி, ஒரே மாடியில் கொடுங்கள். பட்டியலை ஏரியா தலைவர் கையில் விடக்கூடாது. விட்டால் அவர் கட்சிக்காரர்கள் மட்டும் ஒன்றாக இருப்பார்கள். வேலைக்குப் போன பெண்கள் திரும்பிய பிறகு, இரவு ஏழு மணிக்கு மேல், தெருவிலேயே வாசித்துக் காட்டி, ஆட்சேபம் சொல்ல ஒரு வாரம் விடவேண்டும்.

தெரு என்றால் எல்லாம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. வம்பு, ஜாதி, வயசுப் பெண்களை வேவு பார்ப்பது எல்லாம் அதில் உண்டு. குடித்துவிட்டு அடிக்கும் புருஷனின் சொந்தக்காரர்கள் பக்கத்தில் வேண்டாம் என்று நினைக்கிற பெண், அதைக் கூட்டத்தில் சொல்லமாட்டார். அவரைத் தனியாகக் கேட்கவேண்டும், காரணம் கேட்காமல் வேறு பிளாக் தரவேண்டும்.

மாற்றுவதை மே மாதத்தில் செய்யுங்கள். படிப்பு நடுவில் மாற்றினால் பிள்ளைகள் பழைய ஸ்கூலுக்கும் போகமுடியாமல், புது ஸ்கூலிலும் சேராமல் நிற்பார்கள். பெரிய வகுப்புப் பையன்கள் அப்படியே வேலைக்குப் போய்விடுவதும் நடக்கும்.

சீட்டு நடத்துகிறவர்களுக்கு ஒன்று: தேதி தெரிந்ததும் சீட்டை நிறுத்திக் கணக்கு எழுதுங்கள். ஏழு மாதம் முடிந்திருந்தால் எடுத்த 7 பேர் ஆளுக்கு 6,500 பாக்கி, மொத்தம் 45,500. எடுக்காத 13 பேருக்கு ஆளுக்கு 3,500 வரவேண்டும், அதுவும் 45,500தான். யார் யாருக்குத் தரவேண்டும் என்று பெயர் போட்டு, கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு நகல் கொடுங்கள். புது பிளாக் எண், கதவு எண் கிடைத்த அன்றே அதையும் அந்தத் தாளில் ஏற்றிவிடுங்கள்.