ஐந்து மணி நேரமே போதும்
2013-ல் பிரிட்டனின் பிபிசி டூ சேனலில் வந்த நகைச்சுவைத் தொடர் 'தி ராங் மேன்ஸ்' மொத்தம் ஐந்து மணி நேரத்தில் சீக்கிரமே முடிந்துவிட்டதால் அதன் இரண்டு நாயகர்களும் மனதில் பதியவில்லை என்று ஒரு கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் காட்சியையே பாருங்கள். ராத்திரி குடித்த மயக்கம் தெளியாமல் சாம் பனி மூடிய சாலையில் நடந்து வருகிறான், கண்ணெதிரே ஒரு கார் நொறுங்குகிறது, அப்புறம் பனியில் கிடக்கும் செல்போன் அடிக்கிறது. எடுத்தால், ஐந்து மணிக்குள் வராவிட்டால் உன் மனைவியைக் கொன்றுவிடுவோம் என்கிறது ஒரு குரல். அவனுக்கோ கல்யாணமே ஆகவில்லை! அந்த முழியிலேயே சாமாக நடித்த மேத்யூ பேன்டன் ஆளை முழுசாகக் காட்டிவிடுகிறார். ஜேம்ஸ் கார்டன் நடித்த ஃபில் எனக்கு இன்னும் நெருக்கம். கவுன்சில் அலுவலகத்தில் தபால் பிரிவு, வீட்டில் அம்மா, வாழ்க்கையில் ஒரு தடவையாவது பெரிதாக ஏதாவது நடக்காதா என்ற ஏக்கம். நானும் ஆறு வருடம் தபால் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறியவன். என் கையில் இருக்கும் உறையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆபத்து என்று தெரிந்தும் ஃபில் ஏன் ஆசையோடு ஓடுகிறான் என்பது எனக்கு முதல் எபிசோடிலேயே புரிந்தது. மூன்றாவது சீசன் வந்திருக்க வேண்டும் என்று அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பேன்டனும் கார்டனும் சேர்ந்து உருவாக்கி, எழுதி, நடித்த தொடர் அது. 2015-ல் கார்டன் அமெரிக்காவில் தினசரி இரவு நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். அவர் இல்லாமல் வேறு ஆளைப் போட்டு எடுத்திருந்தால் நான் பார்த்திருக்க மாட்டேன்.