எத்தனை மில்லிகிராம் என்று போடுங்கள்

அந்த நேரலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பாஸ்பேட் பருப்பிலும் இருக்கிறது, பாலிலும் இருக்கிறது. பாக்கெட் உணவில் அளந்து எதைக் கண்டுவிடப் போகிறார்கள்?" என்று சிரித்தார் அந்த உணவு ஆலோசகர். பாக்கெட்டில் பாஸ்பரஸ் அளவைப் போட வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, "வீண் பீதி கிளப்பாதீர்கள்" என்று பதில். இரண்டு நாளாக அது குத்திக்கொண்டே இருக்கிறது.

பருப்பில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி உடலில் சேராமலே போய்விடும். பாக்கெட் உணவில் உப்பாகச் சேர்க்கும் பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பரஸோ ஏறக்குறைய 90 சதவீதம் ரத்தத்தில் கலந்துவிடும். இரண்டும் ஒன்றா?

அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். சிறுநீரகம் வெளியேற்றாததால் ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறுகிறதென்று பருப்பைக் குறைத்தோம், பாலை நிறுத்தினோம். இறங்கவில்லை. இரவெல்லாம் அரிப்பு. சீப்பின் பிடியால் முதுகைச் சொறிந்து சொறிந்து பனியனில் ரத்தக் கோடுகள். மெல்ல எளிதாக இருக்குமே என்று தினமும் ரொட்டிக்குள் சீஸ் வைத்துக் கொடுத்தது நான்தான். உறையின் மடிப்பைப் பிரித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன்: 339, 452. இரண்டும் பாஸ்பேட் உப்புகள். எண் இருக்கிறது, அளவு இல்லை. சோடியத்துக்கும் சர்க்கரைக்கும் கட்டம் போட்டு அளவு எழுதுகிறவர்கள், பாஸ்பரஸ் எத்தனை மில்லிகிராம் என்று ஏன் எழுதுவதில்லை? சட்டம் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

"சேர்த்ததையும் இயற்கையானதையும் பிரித்து அளப்பது கடினம்" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் நான். அந்தச் சீஸையே உலையில் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, மாலிப்டேட் கரைசலும் அஸ்கார்பிக் அமிலமும் விட்டுப் பார்த்தேன். கரைசல் மெல்ல நீலமாகி, கடைசியில் மைபோல் ஆனது. அந்த நீலம் சொல்வது மொத்த பாஸ்பரஸை மட்டும்தான். சரி, மொத்தத்தையாவது போடுங்கள். சேர்த்தது எவ்வளவு என்று ஆலைக்குத் தெரியாதா? எடை போட்டுத்தானே கொட்டுகிறார்கள்!

செலவாகும் என்பதெல்லாம் ஒரு பேச்சா?

"எல்லோருக்குமா சிறுநீரகம் கெட்டிருக்கிறது?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று நாள் வரம்பு வைத்தது. குழந்தைகள் அதைத் தாண்டக்கூடும் என்றும், சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு அந்த வரம்பு பொருந்தாது என்றும் அதுவே சொன்னது. அளக்காமல் இதெல்லாம் தெரிந்திருக்குமா? உங்கள் பிள்ளையின் டிபன் டப்பாவில் எவ்வளவு போகிறதென்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை ஐயா, என் அப்பாவுக்கு நான் என்ன கொடுக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. இதைச் சொன்னால் பீதியா?

நேற்று டயாலிசிஸ் முடிந்து 29சி பஸ்ஸில் பெரம்பூர் திரும்பும்போது, "நீ தெரிந்தா கொடுத்தாய், விடம்மா" என்றார் அப்பா. என்னால் விட முடியவில்லை.