ஆறே மாதத்தில் முந்திவிடுவோமாம்!

அந்த மேடைப் பேச்சு வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். சீனாக்காரன் மலிவுக் கூலியில் பேட்டரி செய்கிறானாம், நாம் நினைத்தால் ஆறே மாதத்தில் முந்திவிடலாமாம். கைதட்டல் வேறு.

ஒன்பது வருடம் பேட்டரி ஆலை வேலையில் இருந்தவன் சொல்கிறேன்: பேட்டரி பேக் கட்டுவது வேறு, அதற்குள்ளே மின்சாரத்தைச் சேமிக்கும் செல்லைச் செய்வது வேறு. பெட்டியில் வந்து இறங்கும் சீன செல்லை அடுக்கி, வெல்டிங் வைத்து, பிஎம்எஸ் என்கிற கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டை மாட்டி, மேலே மூவர்ண ஸ்டிக்கர் ஒட்டுவது பேக். நாங்கள் செய்தது அதுதான்.

செல் அப்படியில்லை. தலைமுடியைவிட மெல்லிய தாமிரத் தகட்டில் கிராஃபைட் குழம்பைக் கிலோமீட்டர் கணக்கில் ஒரே சீராகப் பூச வேண்டும். காற்றில் ஈரம் ஆகவே ஆகாது. உள்ளே நிற்பவரின் மூச்சும் வியர்வையும்கூடக் கணக்கில் வரும். அல்வா கிண்டுகிறவருக்குப் பதம் கைவர எத்தனை வருடம் ஆகும்? அதைப் போலத்தான் இதுவும்.

மலிவுக் கூலி என்பது தொடக்கத்தில் உண்மை. சீனாவின் ஷென்ஜெனில் 1995இல் பிஒய்டி என்ற பேட்டரி நிறுவனத்தைத் தொடங்கிய வாங் சுவான்ஃபு, ஜப்பானிய இயந்திரங்களுக்குப் பதிலாக ஆட்களை வைத்துத்தான் சமாளித்தார். அதே ஆட்கள்தான் அப்புறம் தொழிலைக் கற்றார்கள். இதை யாரும் மேடையில் சொல்வதில்லை.

பணம் கொட்டினால் முடியும் என்பவர்கள் ஸ்வீடனின் பேட்டரி நிறுவனமான நார்த்வோல்ட்டைப் பாருங்கள். சுமார் 1,500 கோடி டாலர் திரட்டினார்கள். தேறிய செல் போதுமான அளவு வெளியே வரவில்லை. 2024இல் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் திவால்.

சீன அரசு மானியம் கொடுத்ததே என்பீர்கள். கொடுத்தது. நம் அரசும் 2021இல் செல் ஆலைகளுக்கு 18,100 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அடுத்த கேள்வி.

நமக்கு மூளை இல்லையா? யார் சொன்னது! எல்எஃப்பி என்கிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் வேதியியல் டெக்சாஸில் விஞ்ஞானி ஜான் குட்இனஃப்பின் ஆய்வகத்தில் பிறந்தது. அவர் சார்பில் 2019இல் நோபல் உரை ஆற்றியவர் நம் தமிழ்நாட்டு அமராபுரத்துக்காரரான ஆறுமுகம் மந்திரம். பெருமைதான், நானும் ஸ்டேட்டஸ் வைத்தேன். ஆனால் அந்த வேதியியலை ஆலைக்குள் கொண்டுபோய்ப் பெரிதாக வளர்த்தவன் சீனாக்காரன். எல்எஃப்பி கேத்தோடு, அதாவது செல்லின் நேர்மின்முனை, செய்யும் நுட்பத்தை அனுமதியில்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது என்று 2025 ஜூலையில் கட்டுப்பாடும் போட்டுவிட்டான்.

எங்கள் ஆலைக்கு ஒருமுறை சீனப் பொறியாளர் ஒருவர் வந்தார். மாலை, பொன்னாடை எல்லாம் தயார். அவர் நேரே கழிவான பாகங்களைப் போடும் ஸ்கிராப் தொட்டிக்குப் போய், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து நோட்டில் குறித்தார். எங்கள் மேலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? தொட்டியை மறைத்து வைத்தோம்.

லேசர் வெல்டிங்கில் ஒரு பையன் இருந்தான். ஐடிஐ படிப்பு. பொறி பறக்கும் சத்தத்தை வைத்தே ஒட்டு சரியில்லை என்று சொல்லிவிடுவான். ஒப்பந்தத் தொழிலாளி. பதினொரு மாதம் முடிந்ததும் அனுப்பிவிட்டு, புதிதாக ஒருவனுக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். யாருக்கு? எனக்குத்தான். இப்படி நான்கு பேருக்குக் கற்றுக்கொடுத்து நான்கு பேரையும் வழியனுப்பினேன். இதைச் சொன்னால் நான் தேசத்துரோகி, சீனாவிடம் காசு வாங்கியவன். வாங்கியிருந்தால் வீட்டுக்கடன் தவணைக்காவது ஆகியிருக்கும்.

திட்ட வருகிறவர்கள் கமெண்டில் திட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பையன் இப்போது சும்மாதான் இருக்கிறான். ஓசூர் பக்கம் வேலை இருந்தால் மட்டும் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.