நர்ஸ் கையில் செல் இருந்தால் ரீல்ஸ்தானா?

எந்த வீடியோ என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாளாகப் பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் அதுதான் ஓடுகிறது. கட்டிலில் முனகும் நோயாளி, பக்கத்தில் செல்லைப் பார்த்தபடி நிற்கும் நர்ஸ், மேலே "சம்பளம் வாங்கிக்கிட்டு ரீல்ஸ் பாக்குறா" என்று எழுத்து. என் சொந்தக்காரர்களே எனக்கு அனுப்பி, "இது உங்க ஆஸ்பத்திரிதானே?" என்று கேட்டார்கள். ஆமாம். அந்தப் பிள்ளை என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிறவள்.

அவள் ரீல்ஸ் பார்க்கவில்லை. நார்அட்ரினலின் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிரஷர் விழுந்துபோன நோயாளிக்கு ஓடுகிற மருந்து அது. டாக்டர் எழுதுவது கிலோவுக்கு, நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று. மருந்து ஏற்றுகிற பம்பில் நாங்கள் போட வேண்டியது மணிக்கு இத்தனை மில்லி என்று. 50 மில்லியில் 4 மில்லிகிராம் கலந்து, 60 கிலோ ஆளுக்கு 0.1 என்று எழுதியிருந்தால் மணிக்கு 4.5 மில்லி. புள்ளி ஒரு இடம் தள்ளிவிட்டால் 45. ராத்திரி மூன்று மணிக்குக் கண் எரிய எரிய இதை மனக்கணக்காகப் போடச் சொல்கிறீர்களா? உங்கள் அப்பாவுக்கு ஓடுகிற மருந்து என்றால், செல்லில் இருக்கிற கணக்கு ஆப்பில் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் போடு தாயி என்றுதானே சொல்வீர்கள்?

எனக்கும் இது நடந்திருக்கிறது. பிசான நடவு சமயம். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரைப் பூச்சி கடித்துவிட்டது என்று தூக்கி வந்தார்கள். கடித்தது எது என்று யாரும் பார்க்கவில்லை. கண்ணாடி விரியன் பாம்பு என்றால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்க, இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடி டெஸ்ட் ட்யூபில் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் வைத்திருந்து சாய்த்துப் பார்க்க வேண்டும். வார்டு சுவர்க் கடிகாரம் நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. பேட்டரி கேட்டு எழுதிக் கொடுத்ததுதான் மிச்சம். செல்லில் டைமர் வைத்துவிட்டு, ட்யூபை யாரும் தட்டிவிடாமல் பக்கத்திலேயே நின்றேன். அவருடைய அண்ணன், "என் தம்பி இங்க சாகக் கிடக்கான், நீ செல்லு பாத்துக்கிட்டு நிக்கியா?" என்று வார்டே திரும்பும்படி கத்தினார். நான் பதில் பேசவில்லை. டைமர் அடித்ததும் சாய்த்தேன். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. உடனே டாக்டரிடம் சொல்லி விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றினோம். மறுநாள் காலையில் அதே அண்ணன் வந்து, வீட்டுக்குப் பேச வேண்டும், சார்ஜ் இல்லை என்று என் செல்லைத்தான் வாங்கிப் பேசினார்.

அப்புறம், செல் இல்லாமல் எங்களை வேலை பார்க்க விடுகிறவர் யார்? நெஞ்சுவலி என்று வந்தால் ஈசிஜியைப் படம் எடுத்துப் பெரிய டாக்டருக்கு அனுப்பினால்தான் அடுத்த மருந்து. கிராம நர்ஸ்களைக் கேளுங்கள். கர்ப்பிணியின் விவரத்தை அரசின் பிக்மி பதிவில் ஏற்றாவிட்டால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை வராது. அதே மாதிரி காசநோயாளிக்கு நிக்ஷய் பதிவு, தடுப்பூசிக்கு யூவின் பதிவு. ஏற்றாவிட்டால் மேலே இருந்து திட்டு, ஏற்றினால் கீழே இருந்து வீடியோ.

"அப்போ எந்த நர்ஸும் டூட்டியில் ரீல்ஸ் பார்க்கிறதில்லையா?" என்று கேட்பீர்கள். பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நானே கண்டித்திருக்கிறேன். செல்லில் கிருமி இருக்கிறது என்பதும் உண்மைதான், ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கிறோம், இன்னும் ஒழுங்காகத் துடைக்க வேண்டும். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நர்ஸ் கையில் செல் இருந்தால் நோயாளியின் அந்தரங்கம் என்ன ஆகும் என்று என் முந்தைய பதிவின் கீழே ஒருவர் பாடம் எடுத்திருந்தாரே, அவருக்கு ஒரு கேள்வி. அந்த வீடியோவில் பின்னால் இருந்த கட்டிலைப் பார்த்தீர்களா? சேலை விலகிக் கிடந்த அந்த அம்மாவை எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள்? அவரிடம் கேட்டா எடுத்தார்கள்? வார்டுக்குள் செல்லைத் தப்பாகப் பயன்படுத்தியது யார்?

அந்தப் பிள்ளையின் அம்மா முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவர். பீடி சுற்றித்தான் மகளை நர்சிங் படிக்க வைத்தார். கட்டு கொடுக்கப் போன பீடிக்கடையில், "உன் மகதானே இது?" என்று காட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு நார்அட்ரினலின் என்றால் என்ன தெரியும்? என்ன பதில் சொல்லியிருப்பார்? தலையைக் குனிந்து வீட்டுக்கு வந்து, "வேலைய விட்டுட்டு வந்திரு தாயி" என்று போன் பண்ணியிருக்கிறார். கொரோனா சமயத்தில் கையெடுத்துக் கும்பிட்ட அதே ஊர்தான் இது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அவள் இப்போது செல்லை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் வார்டுக்குள் வருகிறாள். நேற்று ராத்திரி அதே கணக்கைக் கேஸ் ஷீட்டின் பின்பக்கம் பேனாவால் போட்டாள். மூன்று தடவை அடித்தடித்து எழுதிவிட்டு, "அக்கா, புள்ளி சரியா இருக்கா பாருங்க" என்று என்னிடம் நீட்டினாள். என் செல்லை எடுத்து ஆப்பைத் திறந்தேன். திறக்கும் முன்னால் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், யாராவது எடுக்கிறார்களா என்று.