லைக் போடுகிறவர்களும் சொந்தம்தான்

எங்கள் சொந்தத்தில் நடந்த அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை குடும்ப வாட்ஸப் குழுவில் அதை மறுபடியும் ஒருவர் போட்டு, கீழே சிரிப்பு எமோஜிகள் வரிசையாக விழுந்ததும் பொறுக்க முடியவில்லை. அதில் மைக் பிடித்தவர் யார், யாரைக் குத்திப் பேசினார் என்பதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரியும். “தினமும் கோலத்தைப் போட்டோ எடுத்துப் போட்டு நாலு பேர் லைக் போட்டுட்டா சொந்தமாயிடுமா?” மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் என் சித்தி உட்கார்ந்திருந்தார்.

ஆகும். லைக் போடுகிறவர்களும் சொந்தம்தான்.

சித்தி இருப்பது திருவல்லிக்கேணியில், மூன்றாவது மாடியில். லிப்ட் கிடையாது. மூட்டு வலி வந்த பிறகு கீழே இறங்குவதே அபூர்வம். கதவுக்கு வெளியே, படிக்கட்டு முடிகிற அந்தச் சின்ன இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குனிந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுவார். கோடு கொஞ்சம் கோணினாலும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திரும்பப் போடுவார். அப்புறம் போட்டோ, அப்புறம் ஃபேஸ்புக். துபாயில் இருக்கும் தம்பி மகன், டொரன்டோவில் இருக்கும் நாத்தனார் பெண், பாளையங்கோட்டையில் கூடப் படித்த தோழி எல்லோரும் அங்கேதான் அவரைப் பார்க்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் கோலம் வராமல் போனபோது அந்தப் பாளையங்கோட்டை அம்மாதான் எனக்கு மெசஞ்சரில் எழுதினார். “ரெண்டு நாளா உங்க சித்தி கோலம் போடலையே, உடம்புக்கு ஏதாவதா?” போரூரிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தால், காய்ச்சலில் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மைக் பிடித்தவர் வீடு மயிலாப்பூரில். திருவல்லிக்கேணிக்கு மயிலாப்பூர் எவ்வளவு பக்கம் என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லைக் போட்டவர்தான் தேடினார்.

“அந்தக் காலத்தில் கடிதம் எழுதினோம், அதில் பாசம் இருந்தது” என்று சொல்வீர்கள். இருந்தது, மறுக்கவில்லை. எங்கள் பாட்டிக்கு வந்த இன்லேண்ட் லெட்டர்களை நான்தான் படித்துக் காட்டுவேன். எல்லாமே “நலம், நலமறிய ஆவல்” என்றுதான் ஆரம்பிக்கும். பாதிக் கடிதங்களில் அதைத் தவிர விஷயமே இருக்காது. அதைப் பொய்ப் பாசம் என்று யாரும் சொன்னதில்லை. கோலத்துக்குக் கீழே விழுகிற ஒரு லைக்கும் அதே நலமறிய ஆவல்தானே?

“வெறும் லைக் ஆபத்துக்கு உதவாது” என்பவர்கள் 2015 டிசம்பரை மறந்துவிட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த தண்ணீர் அடையாற்றில் வந்து சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கியபோது பாதி ஊருக்குப் போன் எடுக்கவில்லை. அந்த வெள்ளத்துக்காக ஃபேஸ்புக் ‘பத்திரமாக இருக்கிறேன்’ என்று குறிக்கும் வசதியைத் திறந்துவிட்டது. ஜாபர்கான்பேட்டையில் இருந்த என் மாமா பையன் எப்படியோ சிக்னல் பிடித்து அதை அழுத்தியிருக்கிறான். டொரன்டோவில் அதைப் பார்த்து எங்களுக்குச் சொன்னார்கள். இதே ஊரில் இருந்த எங்களுக்குச் செய்தி கனடா சுற்றித்தான் வந்தது. அந்த வாரம் படகு எங்கே வேண்டும், சாப்பாடு எங்கே வேண்டும் என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் பதிவு போட்டு ஆள் அனுப்பினார்கள். அதுவும் தொடர்புதான்.

நேரம் வீணாகிறது, பொய்ச் செய்தி பரவுகிறது என்கிறீர்களா? சரி, உண்மைதான். அதைத் தனியாகப் பேசலாம், நானே வருகிறேன். ஆனால் மூட்டு வலியோடு மாடியில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவிடம் போய் அதைச் சொல்லாதீர்கள். “நேரில் போய்ப் பார்ப்பதுபோல் வருமா?” என்று ஒருவர் குழுவில் கேட்டிருக்கிறார். வராது. வரும் என்று யார் சொன்னார்கள்? நேரில் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. நீங்கள் போனீர்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த அறுபதாம் கல்யாணப் பத்திரிகை சித்திக்கு எப்படி வந்தது தெரியுமா? வாட்ஸப்பில். மற்ற சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமத்தோடு தட்டை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பத்திரிகை வைத்தார்கள். சித்தப்பா போன பிறகு சித்தி வீட்டுப் படி ஏறிப் பத்திரிகை வைக்க யாரும் வருவதில்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் அதையும் பெரிதுபடுத்தாமல், வலிக்கிற காலோடு மூன்று மாடி இறங்கி, ஆட்டோ பிடித்து வந்து, மொய் எழுதிவிட்டு உட்கார்ந்தார். அவரைத்தான் மைக்கில் கேலி செய்தீர்கள்.

அன்றிலிருந்து சித்தி எதுவும் பதிவு போடவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து மறுபடியும் விசாரித்துவிட்டார்கள். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் கமெண்டில் விளக்கம் எழுத வேண்டாம். சித்தி சாயங்காலம் வீட்டில்தான் இருப்பார். மாடி ஏறிப் போய் அவரிடம் சொல்லுங்கள்.