கசகசாவும் விலாசமும்

போன வருஷம் கோடை விடுமுறைக்கு எங்கள் நகரத்தார் குடும்பத்தில் நாங்கள் பதினோரு பேர் சிங்கப்பூர், மலேசியா போய் வந்தோம். புறப்படுவதற்கு முந்தின ராத்திரி முகப்பில் பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தோம். அயித்தையின் பெட்டியில் இரண்டு கிலோ கூடுதல். திறந்து பார்த்தால் தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை. அதற்கும் அடியில், பழைய துண்டில் சுற்றி அரைக் கிலோ கசகசா.

விசாரித்தால், "இங்கே எந்தக் கடையிலும் கசகசா கிடைக்க மாட்டேங்குது ஆத்தா" என்று சிங்கப்பூரில் இருக்கும் மகள் போனில் சொன்னாளாம். ஏன் கிடைக்கவில்லை என்று அவளும் யோசிக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அங்கே அது தடை செய்த பொருள். கசகசா என்பது அபின் செடியின் விதைதானே. மார்ஃபின் துளியூண்டு ஒட்டியிருக்கும் என்பதால் அங்கே போதைப்பொருள் தடுப்புத் துறை பார்க்கிற விவகாரம் அது. துபாய், சவூதி பக்கமும் இதே கதைதான்.

"குருமாவுக்கும் பாயசத்துக்கும் அரைக்கிற சாமானைப் போய் அபின்ங்கிறியேப்பா!" என்று அயித்தைக்கு வந்த கோபம் இருக்கிறதே. பொட்டலத்தை வெளியே எடுத்ததோடு விடாமல், வீட்டில் திரித்த குருமாப் பொடியில் அது சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டேன். சேர்ந்திருந்தது. அதையும் எடுத்து வைத்தோம்.

எங்கள் ஐயா ரஜூலா கப்பலில் பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போனவர். மூன்று வருஷக் கணக்கு. அவர் கொண்டுபோன பெட்டியில் என்னென்ன இருந்தது என்று எழுதிய சிட்டை இன்னும் இரட்டை வீடு என்று நாங்கள் சொல்லும் உள்ளறையில் கிடக்கிறது. வேட்டி, துண்டு, விளக்கெண்ணெய்க் குப்பி வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை. ஊசிக்குக்கூடக் கணக்கு எழுதிய அந்த மனுஷரின் பேரப்பிள்ளைகள் நாங்கள், சொந்தப் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் படிக்காமல் விமானம் ஏறப் போகிறோம். கேட்டால் "ஏஜெண்ட் எல்லாம் பார்த்துக்குவாக." அவர் பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் ஆட்களுக்கு விலாசம் என்று ஒன்று உண்டு. பெயருக்கு முன்னால் மூன்று, நான்கு எழுத்து நிற்கும். என் அயித்தான் பாஸ்போர்ட்டில் அவர் பெயரும் அவர் அப்பச்சி (அப்பா) பெயரும் சேர்ந்தே இருக்கும், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. டிக்கெட்டில் ஏஜெண்ட் அந்த விலாசத்தையே குடும்பப் பெயராக அடித்து வைத்திருந்தார். திருச்சி விமான நிலையக் கவுண்டரில் ஒன்றரை மணி நேரம் நின்று, பணம் கட்டித் திருத்தி, கடைசி ஆளாக ஓடி ஏறினார். டிக்கெட் வந்த அன்றே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. துபாய் போகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் விடுவதில்லை என்று 2022 நவம்பரிலேயே அமீரகம் சொல்லிவிட்டது. காலாவதித் தேதியையும் அப்படியே பார்த்துவிடுங்கள். போகிற தேதியிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். போய் இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும், இரண்டுமே இலவசம். ஆனால் கூகுளில் தேடினால் அரசாங்கத் தளம் மாதிரியே வேஷம் கட்டிக் காசு பிடுங்கும் தளங்களும் வரும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அப்படித் தண்டம் அழுதார். யாரென்று சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு கடையில் கார்டைச் செருகியதும் மெஷின் ரிங்கிட்டா, ரூபாயா என்று கேட்டது. நம்ம காசு என்றால் கணக்குப் புரியுமே என்று ரூபாயை அமுக்கினேன். அந்த மாற்று விலையை வைப்பது நம் வங்கி இல்லை, அந்த மெஷின்காரர்கள். தங்கள் லாபத்தையும் அதிலேயே ஏற்றிவிடுவார்கள். அறைக்கு வந்து கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் போயிருந்தது. வட்டிக் கணக்கிலேயே வளர்ந்த வம்சம் என்று வெளியே சொல்ல முடியுமா? எப்போதும் அந்த ஊர்க் காசையே அமுக்குங்கள்.

பவர் பேங்கைக் கைப்பையில் வையுங்கள், ஊறுகாயைப் பெரிய பெட்டியில் போடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டும். வயசானவர்கள் இருந்தால் காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள்.

எனக்கு மனசு ஆறாதது வேறு. ஐந்து ராத்திரி, இரண்டு நாடு என்று பேக்கேஜ். பாதி நேரம் பஸ் ஜன்னல்தான். 1859இல் நம்மவர்கள் கட்டிய சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் கிடைத்தது முப்பது நிமிஷம். அயித்தை முருகனைக் கும்பிட்டு நிமிர்வதற்குள் கைடு கொடியை ஆட்டிவிட்டார். ஐயா இருந்த கிட்டங்கித் தெரு (நகரத்தார் தங்கித் தொழில் பார்த்த தெரு) எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்றால் பினாங்கு எங்கள் பட்டியலிலேயே இல்லை. அதையும் பணம் கட்டுமுன் படித்திருக்க வேண்டியவன் நான்தான்.

அரைக் கிலோ கசகசா அடுப்படியில் அப்படியே இருக்கிறது. பிள்ளையார் நோன்புக்கு மகள் வருகிறாள் என்று அயித்தை அதைத் தொட விடுவதில்லை.